பட்டில் இலை அச்சு: மூன்று ஸ்கார்ஃப், ஒரு இட்லிப் பானை, கொஞ்சம் அன்னபேதி

காட்டு இலையின் உருவம் நரம்போடு பட்டில் விழுவதற்கு பிரஷ்ஷும் வேண்டாம், ஸ்கிரீனும் வேண்டாம். இலையைப் பட்டின் மேல் பரப்பி, இறுக்கிச் சுருட்டி, ஆவியில் வேக வைத்தால் இலையின் சாயம் துணிக்கு இறங்கிவிடும். கேட்பதற்குக் கொழுக்கட்டை அவிப்பதுபோலத்தான் இருக்கும். ஆனால் முதல் தடவை பிரித்துப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் காண்பது டீ கொட்டிய கறை மாதிரி ஒரு குழம்பல்தான். அப்படி ஆனதும் எல்லோரும் இலையைத்தான் குறை சொல்வார்கள். பத்தில் எட்டு தடவை தப்பு ஈரத்தில் இருக்கும். பெங்களூரில் ஒரே துணியிலிருந்து வெட்டி, ஒரே வாரத்தில் செய்த மூன்று ஸ்கார்ஃபின் அளவுகளும் முடிவுகளும் கீழே. முதலாவது கெட்டது, இரண்டாவது தேறியது, மூன்றாவது பாதி தேறியது.

துணி

சிக்பேட்டை மொத்தக் கடைகளில் 44 இன்ச் பன்னாவில் மெல்லிய வெள்ளைப் பட்டு கிடைக்கும். பன்னாவை நடுவில் பிளந்தால் 56 செ.மீ. அகலம் வரும். 3.6 மீட்டர் வாங்கினால் 56 × 180 செ.மீ. அளவில் நான்கு துண்டு. மூன்று ஸ்கார்ஃபுக்கு, ஒன்று வெட்டிச் சோதனை பார்க்க. சோதனைத் துண்டு இல்லாமல் இந்த வேலையில் இறங்கக் கூடாது. கத்தரியைக் கண்ணளவில் ஓட்டினால் கோணலாகும். ஒரு நூலை உருவி எடுத்துவிட்டு அந்தக் கோட்டில் வெட்டினால் நேராக வரும்.

எடுத்தது 10 மாமி பட்டு. ஒரு மாமி என்பது சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 4.34 கிராம், ஆகவே ஒரு துண்டு சுமார் 44 கிராம். கடையில் சொல்லும் கிராம் கணக்கை வைத்து மருந்து கலக்க வேண்டாம். வீட்டில் காய்ந்த துணியைத் தராசில் வைத்துப் பார்த்த எடைதான் கணக்கு. இனி வரும் சதவீதங்கள் எல்லாம் அந்த எடையின் மேல்.

ஆர்கன்சா வேண்டவே வேண்டாம். அதில் பட்டுப் பசை நீக்கப்படாமல் இருக்கும். கச்சாப் பட்டின் எடையில் நாலில் ஒரு பங்குவரை அந்தப் பசைதான், அது இருக்கும் இடத்தில் ஒரு மாதிரியும் இல்லாத இடத்தில் ஒரு மாதிரியும் சாயம் ஏறும். டஸ்ஸர் என்ற காட்டுப் பட்டு நன்றாகப் பிடிக்கும், ஆனால் அதன் தேன் நிறம் எல்லா அச்சையும் ஒரு படி மங்கலாக்கும். சந்தேகமான துணி என்றால் ஓரத்து நூல் ஒன்றைக் கொளுத்திப் பார்க்கலாம். முடி கருகும் வாடையும், விரலில் நசுங்கும் கரியும் வந்தால் பட்டு. கெட்டியான மணியாக உருண்டால் பாலியஸ்டர், அதில் எந்த இலையும் பதியாது. மத்தியப் பட்டு வாரியத்தின் ஆதரவில் 2004 முதல் வரும் சில்க் மார்க் சீட்டு இருந்தால் இந்தக் கவலை இல்லை.

ஓரம் மடித்துத் தைப்பதை இப்போதே முடித்துவிட ஆசை வரும். தையல் கடைகளில் ஓட்டுவது பாலியஸ்டர் நூல். துணி முழுக்க நிறமேறிய பிறகும் அது மட்டும் வெள்ளைக் கோடாகப் பல்லிளிக்கும். பட்டு நூல் கையில் இருந்தால் தைக்கலாம், இல்லையென்றால் கடைசியில்.

கழுவலும் படிகாரமும்

புதுத் துணியில் கஞ்சியோ எண்ணெயோ இருக்கும். ஒரு துண்டுக்கு 2 லிட்டர் தண்ணீர், 60 டிகிரி சூடு, 4 கிராம் காரமில்லாத சோப்பு, அரை மணி நேரம். பூந்திக்கொட்டைக் கரைசலும் போதும். சலவை சோடா வேண்டாம், காரம் பட்டை அரிக்கும். அலசிக் காயவைத்து ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் உடனே உறிஞ்ச வேண்டும். முத்தாக நின்றால் இன்னொரு கழுவல்.

அடுத்தது மார்டன்ட், அதாவது சாயத்தை நூலோடு கட்டி நிறுத்தும் உப்பு. படிகாரம் 12 சதவீதம், துண்டுக்கு 5.3 கிராம். பெங்களூரில் கிரந்திகெ எனப்படும் நாட்டு மருந்துக் கடைகளில் ‘ஸ்படிகா’ என்று கேட்டால் கட்டியாகத் தருவார்கள், தட்டிப் பொடித்துக்கொள்ள வேண்டும். அதே கடையில் கடுக்காய்க்கு ‘அளலேகாயி’. பொடியைக் கொஞ்சம் கொதிநீரில் முழுக்கக் கரைத்து, 2 லிட்டராக்கி, வெதுவெதுப்பானதும் பட்டைப் போட்டு, இரவு முழுக்க ஊறவிட வேண்டும். கொதிக்க வைத்தால் சீக்கிரம் ஏறும் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம், பட்டின் பளபளப்பு போய்விடும். மடிந்து கிடக்கும் துணியில் மடிப்பளவுக்கு வெளுப்பு விழும்; படுக்கும் முன் இரண்டு தடவை புரட்டினால் போதும்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பது இங்கே முக்கியம். பெங்களூரின் பல லேஅவுட்களில் குழாயில் வருவது போர்வெல் தண்ணீர், அல்லது காவிரியும் போர்வெல்லும் கலந்தது. அதில் இரும்பு இருந்தால் மஞ்சள் எல்லாம் பாசி நிறமாகும், ஏன் என்றே புரியாது. பிடித்து வைத்த மழைத் தண்ணீர் முதல் தரம். இல்லாவிட்டால் ஆர்.ஓ. தண்ணீர். முதல் கழுவலுக்குக் குழாய்த் தண்ணீர் பரவாயில்லை, படிகாரத்திலிருந்து நல்ல தண்ணீர்தான்.

அன்னபேதியை நிறுப்பது

துவர்ப்புள்ள இலையும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு வரும். கடுக்காய் மையின் சூத்திரமும் இதுவே. அந்த இரும்பு அன்னபேதியிலிருந்து, அதாவது இரும்பு சல்பேட் உப்பிலிருந்து வருகிறது. நல்ல அன்னபேதி வெளிர் பச்சைப் படிகமாக இருக்கும். துருப்பிடித்த மஞ்சள் பொடியாக இருந்தால் காற்று பட்டுக் கெட்டது. துருப்பிடித்த ஆணியை வினிகரில் போட்டு வைக்கும் வழியும் உண்டு, ஆனால் அதன் வீரியம் இன்றைக்கு ஒன்று நாளைக்கு ஒன்று. பட்டில் அந்த விளையாட்டு ஆகாது. இரும்பு அதிகமானால் நிறம் செத்துப்போவதோடு, காலப்போக்கில் இழையும் மடிப்பில் பொடிந்துவிடும்.

சமையலறைத் தராசில் 2 கிராமை நம்பகமாக நிறுக்க முடியாது. 10 கிராமை ஒரு லிட்டரில் கரைத்துவிட்டால் ஒவ்வொரு 100 மி.லி.யிலும் 1 கிராம் இருக்கும். அதிலிருந்து 200 மி.லி. எடுத்து 800 மி.லி. தண்ணீர் சேர்த்தால் லிட்டருக்கு 2 கிராம், இலை முக்கும் கரைசல் தயார். அன்றன்றைக்குக் கலக்க வேண்டும், மறுநாளே பழுப்பாகிவிடும். கையுறை போடவும். விழுங்கினால் குழந்தைகளுக்கு ஆபத்தானது, பாட்டிலில் பெயர் எழுதி எட்டாத இடத்தில் வைக்கவும்.

இலைகள்

காட்டுச் செடி என்பதற்காகக் காட்டுக்குப் போக வேண்டியதில்லை, போகவும் கூடாது. பன்னேருகட்டா தேசியப் பூங்கா. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அங்கே பொருந்தும், அங்கிருந்து எதையும் எடுத்து வரக் கூடாது. லால்பாக்கிலும் கப்பன் பூங்காவிலும் இலை பறிப்பது தோட்டக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளும் வழி. தெருவோர மரத்தடியில் உதிர்ந்தது, வீட்டுக்காரரைக் கேட்டுப் பறித்தது, நர்சரியில் கத்தரித்துப் போட்டது, இவையே ஒரு ஸ்கார்ஃபுக்குத் தாராளம். துணியை நீளவாக்கில் இரண்டாக மடித்து ஒரு பாதியில்தான் இலை அடுக்குவது; அந்த 28 × 180 செ.மீ. பரப்புக்கு 35 முதல் 40 இலை போதும்.

எந்த இலை பதியும் என்பதை வெள்ளைத் தாளிலேயே பார்த்துவிடலாம். இலையைக் கசக்கித் தாளில் தேய்த்து, அன்னபேதிக் கரைசல் ஒரு சொட்டு. ஓரிரு நிமிடத்தில் நீலக் கறுப்போ பச்சைக் கறுப்போ ஆனால் அதில் துவர்ப்பு இருக்கிறது. நாவல், நெல்லி, மருதம், ரோஜா எல்லாம் இந்தச் சோதனையில் தேறும். ரோஜா இலையை யாரும் காட்டில் சேர்க்க மாட்டார்கள், ஆனாலும் அதன் ரம்ப ஓரம் விழுவதுபோல வேறெதுவும் சுத்தமாக விழாது. பெரிய இலைகளுக்கு நடுவில் நிரப்ப ஏற்றது.

தேக்குத் தளிருக்குச் சோதனையே வேண்டாம், விரலில் தேய்த்தால் விரல் சிவக்கும். படிகாரப் பட்டில் செம்பழுப்பும், இரும்பு பட்டால் கத்தரிப்பூச் சாம்பலும் கிடைக்கும். கோடை மழைக்குப் பிறகு விடும் தளிர்தான் இதற்கு. முற்றிய இலை சொரசொரப்பாக, கனமாக இருக்கும், துணியோடு ஒட்டிப் படியாது. தளிரிலும் நடு நரம்பு தடிப்பு. அதைப் பின்பக்கமாக பிளேடால் சீவித் தட்டையாக்க வேண்டும். இல்லாவிட்டால் நரம்பு துணியைத் தூக்கிப்பிடித்து, இரண்டு பக்கமும் விரல் அகலத்துக்கு வெற்றிடம் விழும்.

தைல மரத்து (யூகலிப்டஸ்) இலை மார்டன்ட் இல்லாமலே பட்டில் செங்காவி கொடுக்கும். காய்ந்த இலையும் சரி, ஒரு மணி நேரம் வெந்நீரில் ஊறினால் போதும். பெங்களூர்த் தெருக்களில் கொட்டிக் கிடக்கும் சில்வர் ஓக் இலை அமைப்பிலேயே பெரணி மாதிரி பிளவுபட்டது. பின்பக்கம் வெள்ளி ரோமம் இருக்கும், இரும்பில் முக்காமல் வைத்தால் வெளிறித்தான் விழும். அசல் பெரணியில் சாயம் குறைவு, உருவம் மட்டுமே அதன் சொத்து. அதை எப்படி வாங்குவது என்பது மூன்றாவது ஸ்கார்ஃபில். செண்டுப்பூ இதழைக் கிள்ளித் தூவினால் படிகாரத்தின் மேல் பொன் மஞ்சள் புள்ளிகள் விழும், கே.ஆர். மார்க்கெட்டில் ஒரு கைப்பிடி போதும்.

அரளி, ஊமத்தை, எருக்கு மூன்றையும் ஆவியில் வைக்கக் கூடாது. காலி மனைகளில் இலை பொறுக்கும்போது பார்த்தீனியம் கையில் பட்டால் சிலருக்குத் தோல் தடித்துவிடும். மஞ்சள் தூள், பீட்ரூட், செம்பருத்தி மூன்றும் பார்க்க அழகு, வெயிலுக்கு நிற்காது.

முதல் ஸ்கார்ஃப்: கெட்டது

படிகாரத்திலிருந்து எடுத்து, கையால் பிழிந்து, அப்படியே மேசையில் விரித்தது. எடை 112 கிராம். அதாவது 44 கிராம் பட்டு 68 கிராம் தண்ணீரைச் சுமந்துகொண்டிருந்தது. இலைகளை இரும்பில் முக்கவில்லை. மூங்கிலில் சுற்றி, சணல் கயிற்றால் கட்டி, இட்லிப் பானையில் ஒன்றரை மணி நேரம்.

பிரித்தபோது தைல இலைகள் மட்டும் ஆரஞ்சு மேகங்களாகத் தெரிந்தன, ஓரம் எதற்குமே இல்லை. தேக்குச் சாயம் பக்கத்து இலைக்குள் ஓடியிருந்தது. சணல் இருந்த இடமெல்லாம் சாய்ந்த கோடுகள். நடுவில் மூன்று இடத்தில் வட்ட வெளுப்பு: மூடியிலிருந்து சொட்டிய நீர்.

நடந்தது இதுதான். இலையிலிருந்து சாயம் வெளியே வர ஈரம் வேண்டும், ஆனால் வந்த சாயம் நடமாட வழி இருக்கக் கூடாது. இழைக்குள் இருக்கும் ஈரம் முதல் வேலைக்குப் போதும். இழைகளுக்கு நடுவில் நிற்கும் ஈரம் சாயத்துக்கு வாய்க்கால் வெட்டிக் கொடுத்துவிடும்.

இரண்டாவது ஸ்கார்ஃப்: தேறியது

பட்டை வலைப் பைக்குள் போட்டு வாஷிங் மெஷின் ஸ்பின்னில் ஒரு நிமிடம். பிறகு காய்ந்த துண்டில் சுருட்டி ஒரு மிதி. எடை 78 கிராம். தொட்டால் சில்லென்று இருக்கும், கன்னத்தில் அழுத்தினால் ஈரம் ஒட்டாது. இந்தக் கனத் துணிக்கு 75 முதல் 80 வரை நல்ல வரம்பு, 70க்குக் கீழே போனால் அச்சு பொடிப்பொடியாக விழும். வேறு கனமென்றால், காய்ந்த எடைக்கு முக்கால் பங்கு தண்ணீர் என்று வைத்துக்கொள்ளலாம்.

தேக்கு, சில்வர் ஓக், ரோஜா இலைகள் லிட்டருக்கு 2 கிராம் கரைசலில் ஒரு நிமிடம் ஊறின. எடுத்ததும் பழைய வேட்டித் துணியில் வைத்து இரண்டு பக்கமும் ஒற்றி, சொட்டு இல்லாமல் ஆக்க வேண்டும். இதைச் சோம்பலில் விட்டால் ஒவ்வொரு இலையைச் சுற்றியும் சாம்பல் வளையம். தைல இலையை முக்கவில்லை. இரும்பு பட்டால் அதன் செங்காவி அழுக்குப் பழுப்பாகிவிடும்.

துணியை நீளவாக்கில் இரண்டாக மடிப்பது திட்டம். ஒரு பாதியில் இலையை அடுக்கி மற்றப் பாதியை மேலே மூடினால், நடுக்கோட்டுக்கு இருபுறமும் கண்ணாடிப் பிம்பம் போல விழும். இலையின் அடிப்பக்கம் தொடும் பாதியில் அச்சு அழுத்தமாகவும், மேல்பக்கம் தொடும் பாதியில் மென்மையாகவும் வரும். இரண்டும் ஒரே மாதிரி வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் இலைகளை மாற்றி மாற்றிக் கவிழ்க்கலாம். நம் கண்ணுக்கு அந்த வித்தியாசம்தான் காடு மாதிரி இருக்கிறது: முன்னால் நிற்கும் மரம் தெளிவாக, பின்னால் இருப்பது மூடுபனியில். கீழ் முனையில் தேக்கும் சில்வர் ஓக்கும் நெருக்கமாக, கழுத்தருகே தைல இலை நாலைந்து மட்டும், இடையில் ரோஜா. முழுதும் அடைக்காமல் மூன்றில் ஒரு பங்கு வெறுமையாக விட்டால்தான் இலையின் உருவம் எடுபடும்.

அதன் மேல் தடுப்பு. இது இல்லாவிட்டால் ஒரு சுற்றின் இலை அடுத்த சுற்றில் பேய் மாதிரி நிழலாக விழும். பட்டர் பேப்பரை 30 செ.மீ. அகலத்தில் நீளமாக விரித்துச் சேர்த்தே சுருட்டியது. மெல்லிய கேரி பேக் சூட்டில் ஒட்டிக்கொள்ளும், வேண்டாம்.

சுருட்டும் கட்டை 30 செ.மீ. நீளம், 4 செ.மீ. தடிப்புள்ள மூங்கில். முன்கூட்டியே அரை மணி கொதிக்க வைத்துச் சாறு இறக்கியது, இல்லாவிட்டால் அதுவே முதல் சுற்றில் பழுப்பு விடும். பிவிசி குழாய் கையில் கிடைக்கும், ஆனால் ஆவியில் நெளிந்துவிடும். நெளிந்தால் இறுக்கம் போச்சு. சுருட்டும்போது ஒருவர் துணியை இழுத்துப் பிடிக்க, மற்றவர் உருட்டுவது நல்லது. மேலே பழைய காட்டன் புடவையிலிருந்து 4 செ.மீ. அகலத்தில் கிழித்த நாடாவை ஒன்றின் மேல் ஒன்று பாதி ஏறும்படி, கை வலிக்கும்வரை இறுக்கிச் சுற்றியது. கயிற்றின் கோடு இதில் வராது.

பானை 36 செ.மீ. விட்டம், எவர்சில்வர். தட்டுக்குக் கீழே 5 செ.மீ. தண்ணீர், மூடிக்குத் துணி கட்டுவது இட்லிக்குச் செய்வதுபோலவே, சொட்டும் நீர் துணியில் ஊறிக்கொள்ளும். இந்தப் பானை இனி இட்லிக்குத் திரும்பாது. அன்னபேதியும் பெயர் தெரியாத இலைச்சாறும் ஏறிய பாத்திரம் அடுப்படிக்கு அந்நியம். ஆவி வந்த பிறகு 100 நிமிடம், நடுவில் ஒரு தடவை கட்டையைத் திருப்பிப் போட்டு, குறைந்த தண்ணீருக்குக் கொதிநீர் ஊற்றியது. சென்னையிலோ மும்பையிலோ 90 நிமிடம் போதும். பெங்களூர் 900 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருப்பதால் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதிக்கும், அதற்கு ஈடாகப் பத்து நிமிடம். நேரத்தை மிச்சம் பிடிக்க குக்கரில் வைத்தால் வெள்ளைப் பட்டு மஞ்சளிக்கும். ஜன்னல் திறந்திருக்கட்டும், தைல வாசனை தலைவலி தரும்.

சூட்டோடு பிரிக்கக் கை துறுதுறுக்கும். மறுநாள் காலைவரை அப்படியே விட்டால் நிறம் ஒரு படி ஏறியிருக்கும். பிரித்து, இலையைத் தட்டிவிட்டு, நிழலில் காயவைத்து, ஐந்து நாள் கழித்துத்தான் தண்ணீரைக் காட்டியது. அதன்பின் குளிர்ந்த நீரில் காரமில்லாத சோப்பு. முதல் அலசலில் மஞ்சள் கலங்கல் வரும், பயப்பட வேண்டாம், இரண்டாவதில் தெளியும். அரை ஈரத்தில் பின்பக்கமாக, குறைந்த சூட்டில் இஸ்திரி.

தேக்கின் பக்க நரம்புகூட எண்ணும்படி விழுந்திருந்தது. சீவாமல் விட்ட இரண்டு இலையில் மட்டும் நடுவில் வெற்றிடம்.

மூன்றாவது: பெரணி

பெரணிக்குச் சாயம் இல்லாததால் கணக்கைத் திருப்பிப்போட வேண்டும். துவர்ப்பைத் துணிக்குக் கொடுத்துவிட்டு, இலையை இரும்பு சுமக்கும் அச்சாக மட்டும் வைப்பது. கடுக்காய்ப் பொடி 10 சதவீதம், 4.4 கிராம், வெந்நீரில் ஊறவைத்து மெல்லிய துணியில் இரண்டு தடவை வடிகட்டி, 50 டிகிரியில் ஒரு மணி நேரம் பட்டை முக்கியது. வடிகட்டாத பொடி ஒட்டிய இடமெல்லாம் பிறகு கரும்புள்ளி. அலசி, பிறகு படிகாரம். துணி இப்போது சந்தன நிறம்.

பெரணியை லிட்டருக்கு 4 கிராம் கரைசலில் முக்கியது பிசகு. மெல்லிய இலை, அதன் இடுக்குகளில் கரைசல் தங்கிவிடும், ஒற்றினாலும் முழுக்க வராது. தளிர் நுனிகள் கத்தி மாதிரி கறுப்பாக விழுந்தன, ஆனால் தண்டருகே கரும்புகை படர்ந்தது. சோதனைத் துண்டில் 1.5 கிராமாகக் குறைத்து, முக்கி எடுத்த பெரணியைக் காகிதத்தின் நடுவில் வைத்துக் கனமான புத்தகத்தால் அழுத்தி எடுத்தபோது புகை நின்றது. கடுக்காய் ஏறிய துணியில் அந்தக் குறைந்த இரும்பே போதுமான கறுப்பைத் தந்தது.

கெட்டதை மீட்டது

முதல் ஸ்கார்ஃபை எறியவில்லை. மறுபடி படிகாரம் தேவைப்படவில்லை. நனைத்து, ஸ்பின்னில் போட்டு, 77 கிராமில் நிறுத்தி, ஆரஞ்சு மேகங்களின் மேலேயே இரும்பில் முக்கிய ரோஜா, சில்வர் ஓக் இலைகளை அடுக்கி இன்னொரு தடவை ஆவி. மங்கலான ஆரஞ்சு பின்னணியாகிவிட்டது, கறுத்த இலைகள் அதன் மேல் நின்றன. சணல் கோடுகள் தெரியாமல் போகவில்லை, கிளைகள் மாதிரி தெரிகின்றன என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். வட்ட வெளுப்புகளின் மேல் பெரிய தேக்கு இலை வைத்து மறைத்தது.

வெளிறிப் போன அச்சை இலை இல்லாமலே தூக்கிவிடவும் வழி உண்டு. 2 லிட்டர் வெதுவெதுப்பான நீரில், லிட்டருக்கு 10 கிராம் கரைத்த முதல் கரைசல் 40 மி.லி., அதாவது 0.4 கிராம் அன்னபேதி, பட்டின் எடையில் ஒரு சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. ஸ்கார்ஃபை விரித்து ஐந்து நிமிடம் அசைத்துக்கொண்டே இருந்து, உடனே அலச வேண்டும். மஞ்சள் ஒலிவப் பச்சையாகும், பழுப்பு சாம்பலாகும். திரும்பி வரும் வழி கிடையாது, சோதனைத் துண்டில் பார்க்காமல் இறங்க வேண்டாம்.

வெயில் சோதனைக்கு இரண்டாவது ஸ்கார்ஃபோடு சேர்த்துச் சுருட்டிய ஒரு கீற்றை, பாதியை அட்டையால் மூடித் தெற்கு ஜன்னலில் இரண்டு வாரம் ஒட்டி வைத்தது. தைலத்தின் செங்காவியும் இரும்புக் கறுப்பும் அட்டைக்கு உள்ளேயும் வெளியேயும் கிட்டத்தட்ட ஒன்று. செண்டுப்பூப் புள்ளிகள் வெளிப்பக்கம் பாதியாக வெளுத்துவிட்டன, அதனால் ஸ்கார்ஃபின் மடிப்புக்குள் போகும் பகுதியில் மட்டும் இதழ் தூவுவது என்று முடிவு. ஓரத்துக்குப் பட்டு நூலையும் அந்தக் கடுக்காய்த் தண்ணீரிலேயே போட்டு எடுத்தது, சுருட்டுத் தையல் இப்போது துணியோடு துணியாக இருக்கிறது.